பாதிச் சுற்றில் நின்றுபோகும் ரைடிங் மோவர்: அடுத்த பார்ட்ஸ் வாங்கும் முன் டேப்பெட்டைப் பாருங்கள்

நீங்கள் சொன்னதை ஒருமுறை வரிசைப்படுத்திக்கொள்கிறேன். வட கரோலினாவில் வீடு வாங்கியபோது பழைய உரிமையாளர் விட்டுப்போன ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டி), அதில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்டெக் 17.5 குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் இன்ஜின். சாவியைத் திருப்பினால் அரைச் சுற்று சுற்றிவிட்டு 'டக்' என்று நின்றுவிடுகிறது. புது பேட்டரி போட்டாயிற்று, புது ஸ்டார்ட்டரும் போட்டாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை. கார் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுத்தால் சில சமயம் கிளம்புகிறது, கிளம்பினாலும் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக ஓடுகிறது, அரை மணி நேரம் புல் வெட்டியதும் அணைந்துவிடுகிறது, ஆறின பிறகுதான் திரும்ப ஓடும். இன்ஜினையே மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்வது ஒரு நோய் அல்ல, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கோளாறுகள், அதனால்தான் குழப்பமாக இருக்கிறது. முதலாவது கிட்டத்தட்ட நிச்சயமாக டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற கைக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய இடைவெளி (வால்வு கிளியரன்ஸ்). இரண்டாவது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டருக்குள் அடைப்பு. மூன்றாவதுக்கு மட்டும் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது, அது எப்படி அணைகிறது என்று நீங்கள் பக்கத்தில் இருந்து கவனித்துச் சொல்ல வேண்டும். இந்த இன்டெக் ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் டேப்பெட் தளர்ந்துபோனால் அசல் பேட்டரி டௌன் ஆனதுபோலவே நடிக்கும், அதனால் பேட்டரி, ஸ்டார்ட்டர், சோலனாய்ட் (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), கேபிள் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். அந்த வரிசையில் நீங்கள் மேலும் போக வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இன்ஜின் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் நம்பர் வண்டியுடையது, இன்ஜின் பாகம் வாங்க அது உதவாது. இன்ஜினுடைய மாடல், டைப், கோட் என்ற மூன்றும் இன்ஜின் மேலேயே உலோகத்தில் அடித்திருக்கும், பெரும்பாலும் வால்வு கவரிலோ ஃபேனை மூடியிருக்கும் தகட்டிலோ. மாடல் 31 என்று ஆரம்பித்தால் 31 கன அங்குலம், அதாவது சுமார் 500 சிசி. கோடின் முதல் ஆறு இலக்கங்கள் தயாரித்த தேதி: 110412 என்றால் 2011 ஏப்ரல் 12. காஸ்கெட் (இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் வைக்கும் தகடு) வாங்கினாலும் கார்புரேட்டர் கிட் வாங்கினாலும் இந்த மூன்று நம்பரையும் கொடுத்து வாங்குங்கள்.

அப்புறம் பாதுகாப்பு. பிளேடு பக்கம் கை போகுமுன் சாவியை எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகக்கூடாது. இன்னொன்று, நிறைய பேர் யோசிக்காதது: அமெரிக்க வீடுகளில் கராஜிலேயே கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கும், அதில் சின்ன பைலட் தீ எப்போதும் எரிந்துகொண்டிருக்கலாம். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போகும். கார்புரேட்டர் வேலையை வெளியே டிரைவ்வேயில் வைத்துச் செய்யுங்கள். கராஜ் கதவை மூடிக்கொண்டு இன்ஜினை ஓட்டிப் பார்க்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்த்துவிடும்.

சரி, முதல் சோதனை. இதற்கு ஐந்து நிமிடம் போதும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள், வயரை இன்ஜின் உலோகத்தில் எர்த் ஆகும்படி மாட்டுங்கள் (பல இன்ஜின்களில் அதற்கென்றே ஒரு கொக்கி இருக்கும்), பிளக் துளைக்கு நேராக முகத்தை வைக்காமல் சாவியைத் திருப்புங்கள். இன்ஜின் சரசரவென்று வேகமாகச் சுற்றினால் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் கேபிளும் நன்றாக இருக்கின்றன, பிஸ்டன் மேலே வரும்போது வரும் கம்ப்ரஷனைத் தாண்டத்தான் முடியவில்லை என்று அர்த்தம். பிளக் இல்லாதபோதும் திணறினால் கோளாறு மின்சாரப் பக்கம், அல்லது இன்ஜினுக்குள் ஏதோ பிடித்திருக்கிறது. பிளக் துளையிலிருந்து பெட்ரோலோ ஆயிலோ பீய்ச்சி அடித்தால் அது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

திணறுகிறது என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். ஒரு நல்ல 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும், 12.0 காட்டினால் கால்வாசி சார்ஜ்தான் மிச்சம். ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் பேட்டரி முனையில் 9.5 முதல் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. பேட்டரியில் 11 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, ஆனால் ஸ்டார்ட்டர் முக்குகிறது என்றால் நடுவில் எங்கோ மின்சாரம் தடைபடுகிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் துருப்பிடித்திருக்கிறது, கழற்றி சுரண்டி மாட்டினால் முடிந்தது. இதே முறையில் பாசிட்டிவ் பக்கம் சோலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவிலும் பாருங்கள். ஜம்ப் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை: கார் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு ஜம்ப் கொடுக்காதீர்கள், காரின் ஆல்டர்னேட்டர் இந்தச் சின்ன வயரிங்குக்கு அதிகம். கார் அணைந்திருக்கட்டும்.

உங்கள் விஷயத்தில் பிளக் கழற்றியதும் வேகமாகச் சுற்றும் என்றே எதிர்பார்க்கிறேன். ஏன் என்று புரிந்துகொண்டால் வேலை எளிது. 500 சிசி ஒற்றை பிஸ்டனின் முழு கம்ப்ரஷனையும் எதிர்த்து அந்தச் சின்ன ஸ்டார்ட்டரால் சுற்ற முடியாது. அதனால் வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் ஒரு சின்ன மேடு வைத்திருக்கிறார்கள். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் அந்த மேடு ஒரு வால்வை மயிரிழை அளவு திறந்துவிடும், காற்று கொஞ்சம் வெளியேறும், பிஸ்டன் சுலபமாக மேலே தாண்டும். இன்ஜின் பிடித்து வேகம் எடுத்ததும் ஒரு எடை வெளிப்பக்கம் விலகி அந்த மேட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்புறம் முழு கம்ப்ரஷன் கிடைக்கும். இப்போது டேப்பெட் இடைவெளி தளர்ந்துபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடு தூக்கும் தூரமே மயிரிழைதான், அந்தத் தூரம் முழுவதும் தளர்ச்சியை நிரப்புவதிலேயே தீர்ந்துவிடும். வால்வு திறப்பதே இல்லை. பிஸ்டன் முழுக் காற்றையும் நசுக்கப் பார்க்கிறது, ஸ்டார்ட்டர் தோற்றுப்போகிறது. 'அரைச் சுற்று சுற்றி டக்' என்று நீங்கள் சொன்னது இதைத்தான். ஜம்ப் கொடுத்தால் சில சமயம் கிளம்புவதும் இதனால்தான், கொஞ்சம் கூடுதல் கரண்ட் கிடைத்து எப்படியோ தாண்டிவிடுகிறது.

நம் ஊரில் பைக் வைத்திருந்தவர்கள் மெக்கானிக் ஷாப்பில் டேப்பெட் அட்ஜஸ்ட் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான், இன்னும் சுலபம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், சூட்டோடு அளந்தால் அளவு தப்பும். பிளக்கைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் இருக்கும் வால்வு கவரின் போல்ட்டுகளை எடுங்கள். உள்ளே இரண்டு ராக்கர் தெரியும். கார்புரேட்டர் பக்கம் இருந்து வரும் பாதையில் உள்ளது இன்டேக், சைலன்சர் பக்கம் உள்ளது எக்ஸாஸ்ட். மேலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் ஃப்ளைவீலை, அதாவது இன்ஜினின் மேலே இருக்கும் கனமான சக்கரத்தை, கையால் திருப்புங்கள். இன்டேக் வால்வு திறந்து மூடிய பிறகு பிஸ்டன் மேலே ஏறும், பிளக் துளையில் ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவரையோ நீளமான ஸ்ட்ராவையோ விட்டால் அது மேலே ஏறி நிற்பதை உணரலாம். உச்சிக்கு வந்தபின் இன்னும் திருப்பி, பிஸ்டன் கால் அங்குலம் கீழே இறங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இந்தக் கால் அங்குலம் முக்கியம். உச்சியிலேயே வைத்து அளந்தால் நான் மேலே சொன்ன மேடு வால்வைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், அளவு பொய்யாக வரும், கஷ்டப்பட்டு செட் செய்தும் பலனிருக்காது. டேப்பெட் செட் பண்ணியும் சரியாகவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் தவறும் இடம் இதுதான் என்பேன்.

இப்போது ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்; ராக்கருக்கும் வால்வின் முனைக்கும் நடுவில் விட்டு அளக்க வேண்டும். இன்டேக் 0.003 முதல் 0.005 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.005 முதல் 0.007 அங்குலம். மில்லிமீட்டரில் சொன்னால் முதலாவது 0.08 முதல் 0.13, இரண்டாவது 0.13 முதல் 0.18. இன்டேக்கை 0.004, எக்ஸாஸ்ட்டை 0.006 என்று நடுவில் வையுங்கள். தகடு லேசான இழுவையோடு உள்ளே போய் வர வேண்டும், திணித்துத் தள்ளக் கூடாது. ராக்கரில் அளவைப் பூட்டும் லாக்கை இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும், அதனால் இறுக்கியபின் மறுபடி அளந்து பார்க்காமல் கவரை மூடாதீர்கள். கவர் காஸ்கெட் கிழிந்திருந்தால் புதிதாகப் போடுங்கள், இல்லையென்றால் ஆயில் சொட்டும்.

கவரை மூடும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஃப்ளைவீலை மிக மெதுவாகக் கையால் திருப்பி, பிஸ்டன் கம்ப்ரஷனுக்கு ஏறும் நேரத்தில் இரண்டு ராக்கரையும் உற்றுப் பாருங்கள். ஏதாவது ஒன்று லேசாக அசைந்து வால்வைக் கொஞ்சம் தட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த அசைவு இருந்தால் வேலை முடிந்தது, பழைய பேட்டரியே போதும் என்று தோன்றும் அளவுக்கு இன்ஜின் சுற்றும். இடைவெளி சரியாக இருந்தும் அசைவே இல்லை என்றால் கேம்ஷாஃப்டில் உள்ள அந்த மேடு உடைந்திருக்கிறது. இந்த இன்ஜின்களில் அது நடப்பதுண்டு. அப்படியானால் இன்ஜினை இறக்கி, அடிப்பக்கத்தைத் திறந்து கேம்ஷாஃப்டை மாற்ற வேண்டும், அதைப் பொறுமை உள்ளவர்கள் வீட்டில் செய்யலாம், ஒரு நாள் வேலை. உடைந்த துண்டு ஆயிலில் கிடக்கும், அதையும் தேடி எடுக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: இந்த மேடு இருப்பதால், கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்தால் நல்ல இன்ஜினும் குறைவாகவே காட்டும். அந்த எண்ணைப் பார்த்து இன்ஜின் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது, ஏறி இறங்கி ஓடுவது. இதைப் பார்த்தவுடன் கவர்னர் (இன்ஜின் வேகத்தை ஒரே அளவில் வைக்கும் அமைப்பு) கெட்டுவிட்டது என்று எல்லோரும் அதன் ஸ்பிரிங்கை நோண்டப் போவார்கள். கவர்னர் தன் வேலையைத்தான் செய்கிறது. பெட்ரோல் போதாமல் வேகம் விழுகிறது, கவர்னர் திராட்டிலைத் திறக்கிறது, வேகம் ஏறுகிறது, அது மூடுகிறது, மறுபடி விழுகிறது. சத்தம் ஏறி இறங்குவது இந்தப் போராட்டம்தான். ஸ்பிரிங்கை வளைத்து வேகத்தைக் கூட்டினால் அலுமினிய கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் அபாயம் இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். மாறாக, ஓடும்போது சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். உடனே சத்தம் சீராகிவிட்டால் சந்தேகமே வேண்டாம், இன்ஜினுக்குப் பெட்ரோல் குறைவாகவோ காற்று கூடுதலாகவோ போகிறது. பெரும்பாலும் கார்புரேட்டர் ஜெட்டில் பாகு அடைத்திருக்கும். சில சமயம் கார்புரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்தில் காஸ்கெட் விட்டுப்போய்க் காற்று உறிஞ்சும், அந்த இரண்டு போல்ட்டுகள் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பாகு எங்கிருந்து வருகிறது? அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் ஈ10, பத்து சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுமார் 15 டிகிரி செல்சியஸில் ஈ10 கொள்ளளவில் அரை சதவீதம் தண்ணீரைத்தான் தாங்கும், ஒரு காலனுக்கு நாலு டீஸ்பூன் கூட இல்லை. அதைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் கிண்ணத்தில் முதலில் வந்து உட்காருவது அந்த அடி மண்டிதான், அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். குளிர்காலம் முழுக்க டேங்கில் பெட்ரோலை அப்படியே விட்டுவைத்த வண்டி என்றால் இது நிச்சயம். முப்பது நாளுக்கு மேல் வைப்பதென்றால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போகும்படி சில நிமிடம் ஓட்டுங்கள். எத்தனால் கலக்காத பெட்ரோல் உங்கள் பக்கத்தில் கிடைத்தால் மோவருக்கு அதையே போடுங்கள், ஒரு சீசனுக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு கார்புரேட்டரைவிடக் குறைவு. ஈ15 என்று எழுதியிருக்கும் பம்ப்பை மோவருக்குத் தொடவே கூடாது, அமெரிக்க சுற்றுச்சூழல் முகமை அதைச் சின்ன இன்ஜின்களுக்குத் தடை செய்திருக்கிறது.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்வதற்கு வருவோம். பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள், பழையதோடு புதியதைக் கலப்பதில் பயனில்லை. ஃபில்டரை மாற்றுங்கள். கிண்ணத்தின் அடியில் போல்ட் மாதிரி ஒன்றிலிருந்து வயர் வரும், அது பெட்ரோலை நிறுத்தும் சோலனாய்ட். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பும்போது அதில் 'க்ளிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மின்சாரம் வரவில்லை அல்லது சோலனாய்ட் செத்துவிட்டது, இன்ஜின் எவ்வளவு சுற்றினாலும் பெட்ரோல் போகாது. சிலர் அதன் முனையை வெட்டிவிட்டு ஓட்டச் சொல்வார்கள். வேண்டாம். அணைக்கும்போது சைலன்சரில் வெடிச்சத்தம் வராமல் தடுப்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். கிண்ணத்தைக் கழற்றியபின் நடுவில் இருக்கும் மெயின் ஜெட்டைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், வட்டமாகச் சுத்தமாக வெளிச்சம் தெரிய வேண்டும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். அதைவிடச் சின்னதாக ஒரு பைலட் ஜெட் இருக்கும், சுமை இல்லாதபோது இன்ஜின் ஏறி இறங்குவதற்கு முக்கால்வாசி நேரம் அதுதான் காரணம். ஸ்பீக்கர் வயரில் இருந்து ஒரு செப்பு இழையை எடுத்து விட்டுக் குத்தலாம், டிரில் பிட்டோ கெட்டியான ஊசியோ போட்டால் துளை பெரிதாகி எப்போதும் பெட்ரோலை அதிகம் குடிக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு கார்புரேட்டர் கிளீனரை எல்லாத் துளைகளிலும் அடியுங்கள், ஒரு துளையில் அடித்தது இன்னொன்றின் வழியாக வர வேண்டும். ரப்பர் வளையங்களை முதலிலேயே எடுத்துவிடுங்கள், கிளீனர் பட்டால் உப்பிவிடும்.

மூன்றாவது, சூடானதும் அணைவது. இங்கேதான் உங்கள் கண்ணும் காதும் வேண்டும். சாவியை அணைத்தது போல ஒரே நொடியில் பட்டென்று நிற்கிறதா, அல்லது திக்கித் திக்கி, இழுவை குறைந்து, கடைசியில் நிற்கிறதா? பட்டென்று நின்றால் மின்சாரம். திக்கி நின்றால் பெட்ரோல். இந்த ஒரு வித்தியாசம் பாதி வேலையை முடித்துவிடும்.

திக்கி நின்றால் அந்த நிமிடமே இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திறங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, திறந்தவுடன் வண்டி கிளம்பினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடமாகி ஓட்டம் நின்றுவிடும், அரை மணி நேரம் ஆவது அதனால்தான். புது மூடி போட்டால் போதும். அது இல்லையென்றால் பெட்ரோல் குழாய் சைலன்சருக்குப் பக்கத்தில் போகிறதா, உள்பக்கம் உரிந்து அடைக்கிறதா, டேங்க் பின்னால் இருக்கும் வண்டியென்றால் பெட்ரோல் பம்ப் ஒழுங்காகத் தள்ளுகிறதா என்று பாருங்கள்.

பட்டென்று நின்றால் ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று கையில் இருக்கட்டும். சின்ன விலைதான், பிளக்கை கையில் பிடித்துப் பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு பத்திரம். நின்றவுடன், ஆறுவதற்குள் மாட்டி, பிளேடு சுவிட்சை அணைத்து, சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துச் சுற்றிப் பாருங்கள். சூட்டில் பொறி இல்லை, ஆறினபின் பொறி வருகிறது என்றால் சந்தேகம் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் மேல். ஆனால் காயிலை வாங்குவதற்கு முன் காயிலையும் சேஃப்டி சுவிட்சுகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சீட், பிரேக், பிளேடு ஆகிய மூன்று சுவிட்சுகளில் எது தகராறு செய்தாலும் காயிலுக்கு வரும் கில் வயரை எர்த் செய்து இன்ஜினை அணைத்துவிடும். சோதனைக்காக மட்டும் அந்த வயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு, பிளேடை ஓடவிடாமல், வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓட்டிச் சூடேற்றுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், அந்த நிலையில் காயில் பக்கத்தை சாவி நிறுத்தாது, சீட்டிலிருந்து எழுந்தாலும் நிற்காது. அணைப்பதற்கு வழியை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். இப்போதும் அணைந்து பொறி போனால் காயில்தான். அணையாமல் ஓடினால் சுவிட்சோ வயரோ. பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அணைகிறதென்றால் சீட் சுவிட்சை முதலில் பாருங்கள். சோதனை முடிந்ததும் வயரைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். சீட் சுவிட்சை நிரந்தரமாகத் துண்டித்து வைத்திருக்கும் வண்டியிலிருந்து ஆள் தவறி விழுந்தால் பிளேடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

காயில் மாற்ற வேண்டி வந்தால் ஃப்ளைவீலின் காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவில் சுமார் 0.010 அங்குல இடைவெளி வேண்டும். காந்தத்தைக் காயிலுக்கு நேராகக் கொண்டுவந்து, நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, காந்தம் தானாகக் காயிலை இழுத்துப் பிடிக்கும்போது ஸ்க்ரூவை இறுக்கி, கார்டை உருவிவிடுங்கள். பிளக் இடைவெளி 0.030 அங்குலம், மில்லிமீட்டரில் 0.76.

சூட்டு விஷயத்தில் நிறைய பேர் திறந்தே பார்க்காத இடம் ஒன்று உண்டு. மேலே இருக்கும் ஃபேன் கவரைக் கழற்றுங்கள். இந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் இல்லை, சிலிண்டரைச் சுற்றியிருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் ஓடும் காற்றுதான் குளிரவைக்கிறது. காய்ந்த புல்லும் ஆயிலும் சேர்ந்து அந்த இடைவெளிகளை வைக்கோல் பாய் மாதிரி மூடியிருக்கும். குளிர்காலத்தில் எலி கூடு கட்டுவதும் அங்கேதான், கூடவே காயில் வயரையும் கடித்து வைத்திருக்கும். கைவிடப்பட்டு நின்ற வண்டி என்பதால் உங்களுடையதில் கூடு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியப்படுவேன். வருஷத்துக்கு ஒருமுறை இதைத் திறந்து சுத்தம் செய்யாத இன்ஜின்களில்தான் ஹெட் காஸ்கெட் போகிறது.

ஹெட் காஸ்கெட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் ஆயிலில் ஊறியிருந்து, வெள்ளைப் புகையும் வந்தால், இந்த இன்ஜினில் சிலிண்டருக்கும், ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராட் போகும் பள்ளத்துக்கும் நடுவே இருக்கும் ஒடுக்கமான பகுதியில் காஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். சிலிண்டரின் அழுத்தம் ஆயில் இருக்கும் கிராங்க்கேஸுக்குள் புகுந்து, ஆயிலைக் காற்றுக் குழாய் வழியாகக் கார்புரேட்டருக்குத் தள்ளும். பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று தவறாக முடிவு கட்டி இன்ஜினையே தூக்கிப் போடுகிறார்கள். உறுதி செய்ய, பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, ஃப்ளைவீலை யாராவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, பிளக் துளை வழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்று அடித்துக் கேளுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் குழாயில் சீறினால் ஹெட் காஸ்கெட் அல்லது ரிங். ஒரேயடியாகச் சீறினால் முதலில் காஸ்கெட்டை மாற்றிப் பாருங்கள், அது மலிவு. ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஆயில் அளவைப் பார்த்துவிடுங்கள். சுமார் 1.4 லிட்டர்தான் பிடிக்கும், அதிகமாக ஊற்றியிருந்தாலும் இதே புகைதான் வரும். கோடையில் எஸ்ஏஇ 30 போதும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு மேலே ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. கார்புரேட்டரின் ஊசி சரியாக மூடாமல் ராத்திரி முழுக்க டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் பீய்ச்சும் என்று மேலே சொன்னது இந்த நிலையில்தான், அந்தத் திரவத்தைப் பிஸ்டனால் நசுக்க முடியாது என்பதால் இதிலும் இன்ஜின் பாதிச் சுற்றில் நிற்கும். ஊசியை மாற்றி, ஆயிலை மாற்றி, குழாயில் ஒரு சின்ன அடைப்பு வால்வு போட்டு நிறுத்தும்போதெல்லாம் மூடிவிடுங்கள்.

ஃப்ளைவீல் கீ (ஃப்ளைவீலை கிராங்க் ஷாஃப்டோடு பூட்டி வைக்கும் சின்ன உலோகத் துண்டு) உடைந்திருக்குமோ என்று ஒருவர் பயமுறுத்தினார் என்றீர்கள். தள்ளிக்கொண்டு போகும் மோவரில் பிளேடு நேராக கிராங்க் ஷாஃப்டில் மாட்டியிருக்கும், கல்லிலோ வேரிலோ இடித்தால் அந்தக் கீ உடையும். உங்களுடையதில் பிளேடு பெல்ட்டில் ஓடுகிறது, இடித்தால் பெல்ட் வழுக்கும். ஃப்ளைவீல் நட் தளர்ந்திருந்தால் ஒழிய அதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம்.

இந்த சனிக்கிழமை ஆயிலை முகர்ந்து பார்ப்பது, பிளக் கழற்றிச் சுற்றுவது, டேப்பெட், ஃபேன் கவர், இவ்வளவு மட்டும் செய்யுங்கள். கார்புரேட்டரை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். செட் செய்வதற்கு முன் இரண்டு வால்விலும் எத்தனை அங்குலம் இருந்தது, பிளக் இல்லாமல் சுற்றும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட் நின்றது, சூடாகி அணையும்போது பட்டென்றா திக்கியா, இந்த மூன்றையும் இன்ஜின் மாடல் நம்பரோடு எழுதி அனுப்புங்கள். அதை வைத்துக் காயிலா மூடியா என்று சொல்லிவிடுகிறேன், அதுவரை கடைப்பக்கம் போக வேண்டாம்.